கிரிமினாலஜியும் ஒரு கறுப்புக் குடையும்

போன சனிக்கிழமை அட்டன் வாசிகசாலையில் 'கிரிமினாலஜி' பற்றிப் பேச அழைத்திருந்தார்கள். அதைப் பற்றி எனக்கு என்ன தெரியும் என்கிறீர்களா? ஒன்றும் தெரியாது. அதற்காகப் பேசாமல் இருக்க முடியுமா?

வட்டவளையில் ரயிலேறியதும் இரவல் புத்தகத்தைப் பிரித்தேன். கிரிமினாலஜி — குற்றத்தை ஆராயும் படிப்பு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இத்தாலியச் சட்ட அறிஞர் ஒருவர் சூட்டிய பெயராம். பின்பாதி 'லோகோஸ்', கிரேக்கம்; ஆய்வு என்று வைத்துக்கொள்ளலாம். முன்பாதி 'கிரிமென்', லத்தீன். அதற்கு முதல் அர்த்தம் குற்றம் அல்ல — குற்றச்சாட்டாம்! அதாவது... விரல் நீட்டுவதுதான் முதலில் பிறந்தது. ஆகா, கூட்டத்தில் வெளுத்துக்கட்டலாம் என்று பூரித்துப்போனேன்.

அட்டனில் இறங்கினால் மழை. குடையைக் காணோம்! முன்னால் போன இளைஞன் கையில் — என் கறுப்புக் குடை.

"திருடன்! பிடிங்க!"

சட்டையைப் பிடித்தே விட்டேன். கூட்டம் கூடியது. அவன் அதிர்ந்துபோய், "இது என் குடைங்க ஐயா" என்றான். பக்கத்திலிருந்த அவன் தாய் அழுதேவிட்டாள். "பொண்ணு பார்க்கப் போறோம் சாமி, மானத்த வாங்காதீங்க!"

அவர்களை வரவேற்க வந்து நின்றவரோ, பெண்ணின் தகப்பனார். பக்கத்துத் தேயிலைத் தோட்டக் கணக்கப்பிள்ளை. "இந்தச் சம்பந்தமே வேணாங்க" என்று திரும்பி நடந்தார்.

அந்நேரம் ரயில் நகர்ந்தது. ஜன்னல் வழியே சிங்களப் பயணி ஒருவர், "மாத்தயா, குடே!" — ஐயா, குடை — என்று கத்தி, ஒரு குடையை என் காலடியில் வீசினார். என் குடை.

பூமி பிளந்து என்னை விழுங்கவில்லை. கணக்கப்பிள்ளையின் பின்னால் ஓடினேன். கெஞ்சினேன்.

"எனக்குப் புரியுதுங்க. ஊரு கேட்டா? நீங்களே வந்து சொல்லுங்க."

வாசிகசாலையை மறந்து அவர்களோடு போனேன். பெண் வீட்டில் உறவினர் கூடியிருந்த கூடத்தில், நனைந்த கோட்டோடு எழுந்து நின்று, நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். "இவர் திருடன் இல்லீங்க. நான்தான் முட்டாள்." என் வாழ்நாளில் யாரும் மறுத்துப் பேசாத ஒரே சொற்பொழிவு அதுதான்.

கணக்கப்பிள்ளை தாடையைத் தடவினார். இளைஞன் தரையையே பார்த்தான். ஒரு கல்யாணத்தை அல்லவா கவிழ்த்துவிட்டேன்?

கதவுக்குப் பின்னாலிருந்து பெண்ணின் குரல் வந்தது.

"ஊரே பார்க்கச் சட்டையப் புடிச்சும் இவரு கை ஓங்கலையாமே அப்பா? எனக்குச் சம்மதம். நாளைக்கு நான் கத்தினாலும் தாங்குவாரு!"