நாலில் நிற்காத முரளி

இன்று கள்ளிக்குப்பத்தில் சல்சா நடனத்துக்கு முதல் வகுப்பு. எடுத்த எடுப்பிலேயே மாஸ்டர் சொல்லிவிட்டார்: "ஜென்ட்ஸ்தான் லீட் பண்ணணும். லேடீஸ் ஃபாலோ பண்ணா போதும்."

எனக்கு ஜோடியாக வாய்த்தவர் எங்கள் அபார்ட்மென்ட் கீழ்வீட்டு முரளி. கார் வாங்கி ஒரு வருஷமாகியும் ரிவர்ஸ் எடுக்கத் தெரியாது. தினமும் அதைப் பார்க்கிங்கில் விட்டுக் கொடுப்பது நான்தான்.

இவர் லீட், நான் ஃபாலோ!

ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணி மூன்று அடி வைத்து, நாலில் நிற்க வேண்டும். முரளி நிற்கவில்லை. நேராக என் காலில் ஏறினார். மூன்று தடவை.

மாஸ்டர் என்னிடம் வந்தார். "மேடம், நீங்க அவரை நம்பணும். அவர் தள்ற பக்கம் போங்க."

"செவுத்துல போய் முட்டிக்கவா?" என்றேன்.

மிதித்தவரை விட்டுவிட்டு மிதிபட்டவளுக்கு அறிவுரை!

திரும்பி வந்தால், அபார்ட்மென்ட் கேட்டில் காரை நிறுத்திவிட்டுச் சாவியை நீட்டுகிறார் முரளி. "யக்கா, வண்டிய கொஞ்சம் உள்ள உட்டுக் குடுக்கா."

"லேடீஸ் ஃபாலோ பண்ணா போதுமாம் முரளி. நீங்களே லீட் பண்ணுங்க" என்று சொல்லிவிட்டு மாடிக்கு வந்துவிட்டேன்.

அரைமணி நேரமாக அவருக்குப் பின்னால் நாலு வண்டிகள் ஹாரன் அடித்துக்கொண்டிருக்கின்றன. இறங்கிப் போகட்டுமா, காபி போடட்டுமா? நீங்களே சொல்லுங்கள்.