பாதி நாற்காலி

நாற்காலியின் பாதியில்தான் உட்கார்கிறார் வாட்ச்காரர். அகலமான பழைய நாற்காலி, இரண்டு பேர் தாராளமாக உட்காரலாம். இவர் வலது ஓரத்தில் தொற்றிக்கொண்டு, கண்ணில் லென்ஸை மாட்டி, இடுக்கியால் ஒரு பல்சக்கரத்தைத் தூக்குகிறார். இடது கை லேசாக நடுங்குகிறது. அதை மேஜை விளிம்பில் அழுத்தி, "சும்மா இருடா" என்று அதட்டுகிறார். சில சமயம் கை கேட்கிறது.

கடைக்குப் புதிதாக வருபவரிடம் அவரே முந்திக்கொள்வார். "எனக்கு எச்.ஐ.வி. இருக்கு. பக்கத்துல உட்காரலாம், ஒட்டிக்காது. வாட்ச்சுக்கும் வராது." இதைக் கேட்டு எழுந்து போனவர்களும் உண்டு.

நோய் தெரிந்ததும், அவர் தங்கியிருந்த அண்ணன் வீட்டில் அண்ணி அவருக்குத் தட்டும் டம்ளரும் தனியாக வைத்தார். அந்த அவமானத்தில் மாத்திரையை ஒளிந்து ஒளிந்து விழுங்கியவர், பிறகு அடியோடு நிறுத்திவிட்டு, கடையின் பின்னறைக்கே குடிவந்தார். துணைக்கு ஒரு சாம்பல் நிறப் பூனை. பெயர் முதலாளி. நாற்காலியின் மற்ற பாதி அதனுடையது.

ஒருநாள் வலிப்பு வந்து விழுந்தார். மூளையில் ஒட்டுண்ணி என்றார்கள். பூனையின் கழிவிலிருந்தும் அது வரலாம் என்று டாக்டர் சொன்னதற்குப் பிறகு மனிதருக்கு வேறெதுவும் காதில் ஏறவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய அன்றே முதலாளியைச் சாக்கில் போட்டுக் கட்டி, தெருக்கோடி பேக்கரிக்காரரிடம் தள்ளிவிட்டார். சாக்குக்குள் அது கத்திய கத்தலை இன்றும் என்னிடம் சொல்லிக் காட்டுவார்.

இரண்டு நோய்க்கும் மாத்திரைகளை ஒழுங்காக விழுங்கினார். தலைக்குள் இருந்த வீக்கம் வற்றியது; இடது கை நடுக்கம் மட்டும் தங்கிவிட்டது. அடுத்த முறை போனபோது நல்ல பிள்ளையாக, "பூனையத் துரத்திட்டேன் டாக்டர்" என்றாராம்.

"யாரு துரத்தச் சொன்னா? அது வெளிக்குப் போற மணல் பெட்டிய வேற யாராவது சுத்தம் பண்ணட்டும்னுதானே சொன்னேன்! அந்தக் கிருமி எப்பவோ உங்க உடம்புக்குள்ள வந்து தூங்கிட்டு இருந்திருக்கும். நீங்க மாத்திரைய விட்டதும் எழுந்துக்கிச்சு. பாவம், பூனை என்ன பண்ணும்?"

இந்த இடம் வரும்போது லென்ஸைக் கழற்றிவிடுவார். "அண்ணி எனக்குப் பண்ணதையே நான் அதுக்குப் பண்ணிட்டேன் சார். அவங்களாவது சாக்குல கட்டல." ரிப்பேரே இல்லாத என் வாட்ச்சைத் திறந்து பார்க்கச் சொல்லி நீட்டுவேன்.

இரண்டு தடவை பேக்கரிக்குப் போய்ப் பூனையைத் தூக்கி வந்தார். இரண்டு தடவையும் அது ஓடிப்போனது. "நான் பிடிச்சு வைக்கலண்ணே, அதுவா வந்துடுது" என்று பேக்கரிக்காரர் சங்கடப்பட்டார்.

நேற்று மாலை நான் இருந்தபோது முதலாளி கடை வாசலில் வந்து நின்றது. வாட்ச்காரர் இடுக்கியைக் கீழே வைத்தார். கூப்பிடவில்லை. பூனை நாற்காலியைப் பார்த்தது, அவரைப் பார்த்தது, பிறகு வாலைத் தூக்கிக்கொண்டு பேக்கரிப் பக்கம் நடந்தது.

அவர் இன்னும் கொஞ்சம் ஓரத்துக்கு நகர்ந்து உட்கார்ந்தார்.