கண்ணை மூடிக்கொண்டு பார்த்தவர்கள்

வீடு கேட்டு அலைவது என் வேலை. குடியிருப்பதற்கு அல்ல. ஒரு சாயங்காலம், ஒரு கலைஞர், எதிரில் கொஞ்சம் பேர் உட்கார இடம், அவ்வளவுதான் கேட்பேன். மொட்டை மாடி, மூடிக் கிடக்கும் அரிசி மில், கல்யாண மண்டபத்துச் சமையல்கூடம் என்று எதுவானாலும் சரி. மேடையும் மைக்கும் வேண்டாம், கைக்கெட்டும் தூரத்தில் ஆட்கள் இருந்தால் போதும் என்று பாடுகிறவர்களும் நடிக்கிறவர்களும் இந்தப் பக்கத்தில் நிறைய இருக்கிறார்கள். இடம் வைத்திருக்கிறவர்களும் இருக்கிறார்கள். இவர்களுக்கு அவர்களைத் தெரியாது. நடுவில் நான் ஸ்கூட்டரில் ஓடுகிறேன்.

இந்த வேலையில் எனக்குப் பிடிக்காதது ஒன்றுதான். இடம் தருகிறவர்கள்.

எல்லோரையும் சொல்லவில்லை. அடி அண்ணாமலையில் ஒரு குடும்பம் நெல் காயப்போடும் களத்தைக் கொடுத்து, பெருக்கித் தண்ணீர் தெளித்து, வந்தவர்களுக்கெல்லாம் மோரும் கொடுத்தது. மற்ற பல இடங்களில் கதவைத் திறக்கும்போதே கேள்வி வரும். பாடுகிறவர் வெங்காயம் பூண்டு சாப்பிடுவாரா? தாளம் போடுவதால் தரை ஓடு விரியுமா? டவுனில் ஒரு பெரிய வீட்டுக்காரர், மாடியெல்லாம் சுற்றிக் காட்டிவிட்டு, படியில் இறங்கும்போது குரலைத் தணித்துக் கேட்டார்: "வர்றவங்க ஊர் ஆளுங்களா, காலனியா?" நான் "மனுச ஆளுங்க" என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டரைக் கிளப்பினேன். 

நான் தேடிப் பிடிக்காமலே கிடைத்த நடிகை ஒருத்தி இருக்கிறாள். தேரடித் தெருவில் ஒரு ஜவுளிக்கடையில் புடவைப் பிரிவில் வேலை செய்கிறாள். வெள்ளைத் துணி விரித்த மெத்தையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, நாள் முழுக்கப் புடவையை விரிப்பதும் மடிப்பதும். என் அண்ணன் மகள் கல்யாணத்துக்குப் புடவை எடுக்க நாங்கள் ஒரு பட்டாளமாகப் போய் அவள் உயிரை எடுத்துவிட்டு வந்தோம். தெருமுனைக்கு வந்த பிறகு குடையை விட்டுவிட்டது ஞாபகம் வந்து நான் மட்டும் திரும்பிப் போனேன். அங்கே அவள் பக்கத்துப் பெண்ணுக்கு எங்களை நடித்துக் காட்டிக்கொண்டிருந்தாள். என் அண்ணி உதட்டைப் பிதுக்குவது, அண்ணன் விலைச் சீட்டைத் திருட்டுத்தனமாகப் பார்ப்பது, பட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு நான் விரலை முந்தானையில் துடைத்துக்கொண்டது உட்பட எல்லாம் அப்படியே இருந்தது. எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். குடையை மறந்துவிட்டு நின்று சிரித்தேன்.

அதிலிருந்துதான் அவளுடைய நாடகம் பிறந்தது. அவள் ஒருத்தியே மாமியார், மணப்பெண், சித்தி, பைகளைச் சுமக்கும் கணவன் என்று மாறி மாறி வருவாள். பேச்சே கிடையாது. எல்லாம் முகத்திலும் கையிலும்தான். நான் பிடித்துக் கொடுத்த இரண்டு மாடிகளில் நடித்தாள், ஜனம் விழுந்து விழுந்து சிரித்தது. சேதி அவள் கணவரின் அண்ணன்மார் காதுக்குப் போனது. வீட்டுப் பெண்ணை ஊரான் வீட்டில் கூத்தாட விட்டுவிட்டான் என்று பேச்சு கிளம்பியது.

கணவர் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். முரடர் இல்லை, ஆனால் அண்ணன்களுக்குப் பயந்தவர். ஒரு நாள் டீக்கடை வாசலில் என்னையும் வைத்துக்கொண்டு அவளிடம் சொன்னார்.

"இந்தவாட்டி நானே வந்து பாக்கறேன். அந்த வூட்ல ஒரே ஒரு ஆளு வாய்விட்டு சிரிக்கட்டும். நான் தடுக்க மாட்டேன், எங்க அண்ணனுங்களுக்கும் நானே பதில் சொல்றேன். யாரும் சிரிக்கலன்னா இத்தோட வுட்டுடணும். இன்னா சொல்ற?"

"ஒரே ஆளு போதுமா?" என்றாள் அவள்.

"போதும்."

"அப்ப சரி."

அவளுக்குச் சந்தேகமே இல்லை. எனக்கும் இல்லை.

அந்த வாரம் கிடைத்த வீடு செங்கம் ரோட்டை ஒட்டிய சந்தில், வெளிநாட்டிலிருந்தெல்லாம் தியானத்துக்கு ஆட்கள் வரும் ஆசிரமத்துக்குப் பக்கம். வீட்டுக்காரர் பெங்களூரில் பெரிய வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், தமிழர். அமைதியைத் தேடி இங்கே வந்ததாகச் சொன்னார். பார்க்கப் போனபோது பெரிய கூடமும் நல்ல வெளிச்சமும் இருந்தன. மனிதர் கையைக் கூப்பிக்கொண்டே பேசினார். எனக்கு வேறென்ன தெரியும்?

நாடகத்தன்று அவள் கடையிலிருந்து நேராக வந்தாள். வியர்வையைக் கழுவி வேறு புடவை மாற்ற வேண்டும். வீட்டுக்காரர் கூப்பிய கையைப் பிரிக்காமலே, "உள்ள இருக்கற பாத்ரூம் கெஸ்ட்டுக்கு மட்டும்மா, பின்னாடி ஒண்ணு இருக்கு" என்றார். பின்னால் இருந்தது நாயைக் குளிப்பாட்டும் இடம். தண்ணீர் போகும் துளையில் முடி திரண்டு, கால் வைத்தால் வழுக்கியது. நான் கதவைப் பிடித்துக்கொண்டு வெளியே நின்றேன். அந்த நாற்றத்தில் அவள் முகம் கழுவி, புடவை மாற்றி, பவுடர் போட்டுக்கொண்டு வந்தாள்.

நாய் கூடத்தில் மெத்தை மேல் படுத்திருந்தது. அவள் கணவருக்கு மெத்தையும் இல்லை, பாயும் இல்லை. காக்கிச் சட்டையோடு செருப்புகளுக்குப் பக்கத்தில் நின்றார். வந்தவர்களுக்காகப் பெரிய பேசினில் சுண்டல் வைத்திருந்தார்கள். நாய் எழுந்து போய் அதில் வாயை வைத்தது. நான் பதறி விரட்டினேன். வீட்டுக்காரர் சிரித்து, "விடுங்க மேடம், அவனும் ஓர் ஆத்மாதானே" என்று சொல்லி, அதே பேசினிலிருந்து அள்ளித் தொன்னையில் போட்டுக் கொடுத்தார். வெள்ளை உடுத்திய ஒரு கூட்டம் அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு தின்றது.

நாடகம் தொடங்கியது.

அதன் தொடக்கம் இப்படி: மத்தியான வேளை, கடையில் ஆளில்லை. வெள்ளைத் துணியின் மேல் சம்மணம் போட்டு விற்பனைப் பெண் உட்கார்ந்திருப்பாள். அசையமாட்டாள். கொஞ்ச நேரத்தில் ஒரு கொட்டாவி மூக்கு வழியாகக் கிளம்பும். முதலாளி பார்த்துவிடக் கூடாது என்று அதை அவள் வாய்க்குள்ளேயே மென்று விழுங்குவாள். முதல் சிரிப்பு அங்கேதான் வெடிக்கும்.

அவள் வந்து உட்கார்ந்தாள். அசையவில்லை. முன்வரிசையில் இருந்த வெள்ளைக்காரப் பெண் ஒருத்தி கையைக் குவித்துக் கண்ணை மூடினாள். பக்கத்தில் இருந்தவர் மூடினார். அவருக்குப் பின்னால் இருந்தவர்களும் மூடினார்கள். கரண்ட் போனதுபோல ஒரு வரிசைக்குப் பின் ஒரு வரிசையாகக் கண்கள் அணைந்துகொண்டே போயின. இந்தச் சந்தில் வெள்ளைத் துணி மேல் யாராவது சம்மணம் போட்டு வாயைத் திறக்காமல் உட்கார்ந்தால் எதிரில் இருப்பவர்கள் கண்ணை மூடிவிடுவார்கள். அப்படியே பழகிவிட்டார்கள். கடைசியாக வீட்டுக்காரர் எல்லோரையும் ஒரு முறை திருப்தியாகப் பார்த்துவிட்டுத் தானும் மூடிக்கொண்டார்.

கொட்டாவி வந்தது. யாரும் பார்க்கவில்லை.

நான் இருமினேன். ஒரு பெண்மணி மூச்சை இன்னும் ஆழமாக இழுத்தாள். எழுந்து கத்திவிடலாம் என்று முட்டியை ஊன்றியபோது, நடித்துக்கொண்டிருந்தவள் கண்ணாலேயே என்னை உட்காரச் சொன்னாள். மாமியார் வந்தாள், உட்கார இடம் பிடித்தாள். மணப்பெண் வந்தாள். புடவை புடவையாக விரிந்தது. அத்தனையும் மூடிய இமைகளுக்கு முன்னால் நடந்தது. எனக்கு முன்னால் இருந்த ஒரு பெரியவர் கண்ணை மூடியபடியே பாதத்து வெடிப்பிலிருந்து தோலை உரித்து உரித்துப் பாயில் போட்டுக்கொண்டிருந்தார். வேறு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. இவ்வளவு அருவருப்பான ஒரு கூட்டத்தை நான் எந்தச் சாராயக் கடையிலும் பார்த்ததில்லை. குடிகாரனாவது கண்ணைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் திட்டுவான்.

பிறகு பை தூக்கும் கணவன் வந்தான். இரண்டு கையிலும் பை, தோளில் தூங்கும் குழந்தை, சட்டைப் பையில் அடிக்கும் போன். போனை எடுக்க வேண்டும், குழந்தை எழக் கூடாது, பை கீழே விழக் கூடாது, நடுவில் அந்த விலைச் சீட்டையும் பார்த்தாக வேண்டும். அவன் தாடையால் சீட்டைத் திருப்பிப் பார்த்தான். பார்த்த பிறகு அவன் முகம் இருக்கிறதே!

வாசல் பக்கமிருந்து ஒரு சிரிப்பு வெடித்தது. செருப்புகளுக்கு நடுவில் நின்றிருந்தவர்தான். கையால் வாயைப் பொத்தினார். அடங்கவில்லை, தோள் குலுங்கியது, விரல் இடுக்கு வழியாக மறுபடியும் வெடித்தது.

வீட்டுக்காரர் ஒற்றைக் கண்ணைத் திறந்து யாருக்கோ ஜாடை காட்டினார். வெள்ளைப் புடவை அம்மாள் ஒருத்தி ஓசையில்லாமல் நடந்துபோய், சிரித்தவருக்கு எதிரில் நின்று, உதட்டில் விரலை வைத்து, கேட்டைக் காட்டினாள். பள்ளிக்கூடத்துப் பையனைப்போல அவர் தலை குனிந்து வெளியே போனார். நாய் மட்டும் தலையைத் தூக்கி அவரைப் பார்த்தது.

நடித்துக்கொண்டே அவள் அதைப் பார்த்தாள். விரித்த புடவையைப் பிடித்த கை ஒரு கணம் அந்தரத்தில் நின்றது. பிறகு கடைசிவரை நடித்து, எல்லாப் புடவைகளையும் ஒவ்வொன்றாக மடித்து வைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

வீட்டுக்காரர் மணி அடித்தார். கண்கள் திறந்தன. ஒருத்தி அழுதுகொண்டிருந்தாள். இன்னொருத்தி வந்து இவள் காலைத் தொட்டு, "எவ்ளோ வருஷமா இந்த தியான சாதனை பண்றீங்க?" என்று கேட்டாள்.

"கல்யாணத்துக்கு முன்னாடியிருந்தேங்க, புடவை செக்‌ஷன்ல."

கேட்டவள் அதற்கும் தலையாட்டிக் கண்ணை மூடினாள்.

கேட்டுக்கு வெளியே அவள் கணவர் ஆட்டோவில் சாய்ந்து நின்றார். எங்களைப் பார்த்ததும் முகத்தைக் கடுமையாக்கிக்கொண்டார்.

"பாத்துட்டேன். ஒருத்தரும் சிரிக்கல. எல்லாம் தூங்குதுங்க. சொன்னா சொன்னதுதான், இத்தோட வுட்டுடு. வா, போலாம்."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. உள்ளே இருந்தவர்கள் பார்க்காமலே கும்பிட்டார்கள். இந்த மனுஷன் பார்த்தார், ரசித்தார், பொத்திக்கொண்டு சிரித்தார். இப்போது அண்ணன்கள் ஞாபகம் வந்ததும் சிரிப்பையே துடைத்துப் போட்டுவிட்டார். இரண்டில் எது கேவலம் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

அப்போது வீட்டுக்காரர் கை கூப்பியபடி கேட்டுக்கு வந்தார்.

"மேடம், அற்புதமான சைலன்ஸ். மாசா மாசம் வெச்சுக்கலாம். ஒரே ஒரு குறைதான். நடுவுல யாரோ ஒருத்தன் கெக்கெக்கேன்னு சிரிச்சு எல்லாரையும் கலைச்சுட்டான். அந்த மாதிரி ஆளுங்கள இனிமே கூட்டிட்டு வராதீங்க."

இரண்டடி தூரத்தில் நின்ற காக்கிச் சட்டையை அவருக்கு அடையாளம் தெரியவில்லை.

அவள்தான் கேட்டாள். "சார், சிரிச்சது உங்களுக்கு நல்லா கேட்டுச்சா?"

"கேக்காம என்ன? ரெண்டு தடவை!"

"வாய்விட்டு சிரிச்சாங்களா?"

"வாய்விட்டுத்தான். சந்து முனை வரைக்கும் கேட்டிருக்கும்."

"ரொம்ப தேங்க்ஸ் சார்," என்றாள். அவருக்கு ஒன்றும் புரியவில்லை, கும்பிட்டுவிட்டு உள்ளே போனார்.

அவள் கணவர் பக்கம் திரும்பினாள். அவர் ஆட்டோ கண்ணாடியைச் சட்டை நுனியால் துடைத்துக்கொண்டிருந்தார். அது சுத்தமாகத்தான் இருந்தது.

"ஒரே ஆளு போதும்னீங்க," என்றாள்.

அவர் துடைத்துக்கொண்டே இருந்தார். நிமிராமலே, "அந்தப் பை தூக்கறவன் நான்தான?" என்று கேட்டார்.

"பின்ன யாரு?"

அவர் தலையை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். தோள் மறுபடியும் குலுங்க ஆரம்பித்தது.

அவள் ஆட்டோவில் ஏறி உட்கார்ந்து, அவர் காதில் விழும்படி என்னிடம் சொன்னாள்: "அக்கா, வேற வூடு பாருங்க."

அவர் மறுக்கவில்லை. வண்டியைக் கிளப்பினார்.