அக்கா வைக்கும் சொட்டுத் தகரம்

அக்கா வீட்டில் ஒரு பழைய பால்பவுடர் டின்னின் அடிப்பாகம் இருக்கிறது. நாலு விரற்கடை உயரத்துக்கு வெட்டி, கை கிழிக்காதபடி விளிம்பைச் சுத்தியலால் மடக்கிய தகரம். மாமாவின் கார் வாசலில் நின்ற காலத்தில் ராத்திரி முழுக்க அது இஞ்சினுக்கு அடியில் கிடக்கும். விடிந்ததும் அதில் சேர்ந்த ஆயிலை மாமா துணியில் வடிகட்டி மறுபடியும் வண்டிக்கே ஊற்றுவார். எதையும் வருடத்தோடு சேர்த்து ஞாபகம் வைக்கிற பழக்கம் எனக்கு உண்டு. எங்கள் ஊர்த் தங்கச் சுரங்கம் சர்க்கார் கைக்கு மாறியது ஐம்பத்தாறில். அந்தச் சமயத்தில் ஊருக்குக் கப்பலேறிய வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் விட்டுப்போன அமெரிக்கக் கார் அது. நடுவில் ஒரு பஜார் வியாபாரியிடம் இருந்தது. மாமாவிடம் வந்தது அறுபத்து மூன்றிலா நான்கிலா என்பதில் எனக்கும் அக்காவுக்கும் இன்றுவரை வழக்கு தீரவில்லை.

மாமா அக்காவின் கணவர். மைசூர் மைன்ஸில் பூமிக்கடியில் டிரில் பிடித்தவர். ஒரு ஷிப்டில் பாறை வெடித்துச் சரிந்ததில் இரண்டு தோள்களும் நசுங்கின. எலும்பு கூடியது, பலம் திரும்பவில்லை. சட்டை போட்டுக்கொண்டால் வெளிப்பார்வைக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் நிறைகுடத்தை அவர் தூக்கி நான் பார்த்ததில்லை. அப்படிப்பட்டவர் அவ்வளவு பெரிய வாடகைக் காரை ஓட்டினார் என்றால் அதற்குக் காரணம் அதிலிருந்த பவர் ஸ்டீயரிங்தான். இஞ்சினோடு சுழலும் சின்ன ஆயில் பம்பு ஒன்று சக்கரங்களைத் திருப்பும் பாரத்தைத் தான் வாங்கிக்கொள்ளும். கை வைத்தால் போதும். விபத்து ஊரறிந்ததுதான்; பலம் திரும்பாதது அக்காவுக்கும் எனக்கும் மட்டுமே தெரியும். வெளியே தெரிந்திருந்தால் பிரசவ வலி கண்ட பெண்ணை யார் அந்த வண்டியில் ஏற்றுவார்கள்?

அந்தப் பம்பு ஒழுக ஆரம்பித்தது. பங்காரப்பேட்டை ஸ்டேஷன் வாசலில் நின்றாலும் சொட்டு, எங்கள் ஊருக்குள் ஸ்கெலட்டன் என்ற இடத்தில் நின்றாலும் சொட்டு. "இன்னாண்ணே, வண்டிக்கு ஜலதோசமா?" என்று மற்ற டிரைவர்கள் கேலி செய்வார்கள். "வெள்ளைக்காரன் உட்டுட்டுப் போன துக்கம்பா, இன்னும் அழுவுது" என்பார் மாமா. பெங்களூரில் எங்கு விசாரித்தும் அதற்குப் பொருத்தமான வாஷர் கிடைக்கவில்லை.

கடைசியில் அடுத்த வீட்டு ஃபிட்டர்தான் கை வைத்தார். சுரங்கத்துத் தண்ணீர் இறைக்கும் ராட்சதப் பம்புகளைப் பராமரித்தவர். அவர் மனைவியைப் பிரசவத்துக்கு ஏற்றிப்போனதும் இந்தக் கார்தான். அந்தப் பம்புகளில் தண்டு வெளியே வரும் இடத்தில் கொழுப்பு தடவிய கயிற்றைச் சுற்றித் திணித்து இறுக்குவார்கள். முழுக்க இறுக்கமாட்டார்கள். சொட்டுச் சொட்டாகக் கசிந்தால்தான் தண்டு சூடேறாது என்பது அங்கே பாடம். அதையே அவர் காருக்கும் செய்தார். "பம்புன்னா கொஞ்சம் அழுவணும்ணே, அழாத பம்பு எரிஞ்சிடும்" என்று சொல்லி, அந்தத் தகரத்தையும் அவரே வெட்டிக் கொடுத்தார். மூன்று வருடத்துக்கு மேல் அந்தக் கயிறு தாங்கியது. அப்புறம் ஒழுக்கு மறுபடியும் மிஞ்சியது.

ஆயுத பூஜைக்கு அக்கா காரின் முன்னால் பெரிய கோலம் போடுவாள். வருடா வருடம் ஆயில் பரவி அதன் ஓரம் கறுத்துப்போகும். அந்த வருடம் மாமா காய்ச்சலில் படுத்துவிட்டார். பூஜைக்கு வண்டியைக் கழுவித் தருகிறேன் என்று ஃபிட்டர் ஓட்டிப்போனார். நான் ஷிப்டில் இருந்தேன். மறுநாள் திரும்பி வந்த காரின் கீழே ஈரமே இல்லை. சுரங்கத்தில் அடங்காமல் ஒழுகும் குழாயை வெட்டி வாயை அடைத்துவிடுவது வழக்கம். அவர் பம்பைக் கழற்றி எறிந்து, குழாய்களை வெட்டிப் பற்றவைத்து அடைத்திருந்தார்.

"பாரு தங்கச்சி, ஒரு சொட்டு கீதா? இந்த வருசம் உன் கோலத்துக்கு நான் கேரண்டி" என்றார். ஸ்டீயரிங் கொஞ்சம் கெட்டியாக இருக்கும், சுரங்கத்தில் டிரில் பிடித்த கைக்கு அதெல்லாம் ஒரு பாரமா என்று சிரிக்கவும் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை. மாமாவிடம் சொல்ல உள்ளே போவதற்குள் அவர் திருநீறு பூசிக்கொண்டு வந்து காரில் உட்கார்ந்துவிட்டார்.

சக்கரத்துக்கு ஒன்றாக எலுமிச்சம்பழம் வைத்திருந்தது. நேராகப் போனதால் பழங்கள் நசுங்கின. எங்கள் தொழிலாளர் குடியிருப்பு லைன் கோடியில் திருப்ப வேண்டும். ஸ்டீயரிங் அசையவில்லை. மாமா நெஞ்சைக் கொடுத்து இழுத்தார். முழங்கையை மாட்டி இழுத்தார். கார் கோணலாகப் போய்ச் சாக்கடை விளிம்பில் நின்றது. ஆட்கள் ஓடிவந்தார்கள். இறங்கியவர் சட்டையைச் சரிசெய்துகொண்டு, "நீயே திருப்பி உட்டுடுப்பா. எனக்குக் கை வராது" என்று ஃபிட்டரிடம் சொன்னார். அதுவரை யாரிடமும் சொல்லாததை லைன் முழுக்கக் கேட்கும்படி சொன்னார்.

ஃபிட்டர் அன்று சாயங்காலமே குப்பையைக் கிளறிப் பம்பைத் தேடி எடுத்து வந்தார். தண்டு அரைபட்டுப் பள்ளம் விழுந்திருந்தது. அரைத்தது அவர் திணித்த கயிறுதான். தொடைத் தடிமன் தண்டுள்ள சுரங்கத்துப் பம்புக்குச் சரியான கயிறு, அந்தச் சின்னத் தண்டைத் தின்றுவிட்டிருந்தது. அதை மடியில் வைத்துக்கொண்டு, "ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேண்ணே" என்றார். "சொன்னா நீயே உன் பொண்டாட்டிய ஏத்தி அனுப்பியிருக்க மாட்ட" என்றார் மாமா.

அதன்பின் வாடகைக்கு யாரும் கூப்பிடவில்லை. மாமா காலையில் எழுந்ததும் பழக்கத்தில் காரின் அடியில் குனிந்து தகரத்தை இழுத்துப் பார்ப்பார். பார்த்துவிட்டு அப்படியே திரும்பத் தள்ளிவிடுவார். அடுத்த ஆயுத பூஜைக்கு அவர் இல்லை. கார் பழைய இரும்புக்குப் போனது.

போன மாதம் அக்கா மகனின் புதுக் காரில் மூவரும் கோரமண்டல் பக்கம் போனோம். அவன் போன் பேசியபடியே ஒரு விரலால் வண்டியைத் திருப்பினான். "ஒரு விரல் போதுமாடா?" என்று கேட்டாள் அக்கா. "இப்ப எல்லா வண்டியும் அப்படித்தாம்மா" என்றான்.

அன்று ராத்திரி அக்கா அந்தத் தகரத்தை எடுத்துப்போய் புதுக் காருக்கு அடியில் தள்ளினாள். ஒரு சொட்டாவது விழுகிறதா என்று பார்க்கத் தினமும் வைக்கிறாளாம். இந்த வண்டி ஒழுகாது என்று அவன் சொல்லிச் சொல்லி விட்டுவிட்டான். காலையில் கோலப்பொடியோடு வந்தவள் முதலில் குனிந்து அதை வெளியே இழுத்து விரலால் தடவிப் பார்த்தாள். காய்ந்திருந்தது.