பக்கத்துக் கட்டில் பிள்ளை

"ஒருக்காத்தான் குடுங்கோவன் அக்கா. எனக்குப் பால் இல்லை."

"உம்மடை பிள்ளைக்கு வாயெல்லாம் வெள்ளையாக் கிடக்கு. மிஸி கண்டா ஏசுவா."

"மிஸி இந்தக் கட்டிலடிக்கு வரமாட்டா."

இதைக் கட்டுக்கதை என்று நினைப்பவர்கள் இந்த இடத்திலேயே நிறுத்திக்கொள்ளலாம். 1957 மார்கழி வெள்ளத்தின்போது, வன்னியில் ஓர் ஆசுப்பத்திரியின் பிள்ளைகள் வாட்டில், பட்டப்பகலில் நடந்தது இது.

பால் கேட்டவள் அருந்ததி. வட்டக்கச்சிக் குடியேற்றக்காரி. அவள் கேட்டது புனிதமலரிடம். புனிதமலர் முல்லைத்தீவுக் கரையிலிருந்து, சளிக்காய்ச்சலில் மூச்சுத் திணறிய கைக்குழந்தையோடு வந்தவள். மூத்ததை மண்ணுக்குக் கொடுத்தாயிற்று. இவன் ஒருவன்தான் மிச்சம். பென்சிலின் ஊசியில் காய்ச்சல் விட்டிருந்தது. ஆனால் வீட்டுக்குப் போகப் பாதை இல்லை. வெள்ளம் அறுத்துக்கொண்டு போய்விட்டது.

பின்னேரம் நாலு மணிக்கு மணி அடிக்கும். அக்கம்பக்கத்து ஊர்களிலிருந்து ஆட்கள் நனைந்துகொண்டு வருவார்கள். கட்டிலுக்குக் கட்டில் கதை, சிரிப்பு, சோற்றுப் பொட்டலம். புனிதமலரைத் தேடி ஒருவரும் வருவதில்லை. அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வாள். பக்கத்துக் கட்டிலுக்கும் ஒருவரும் வருவதில்லை. அப்படித்தான் இருவருக்கும் கதை தொடங்கியது.

"உங்கடை அவர் வரேல்லையோ?"

"அவருக்கு வள்ளம்தான் முதல் தாரம். நான் ரெண்டாந்தாரம்."

அருந்ததி சிரித்தாள். வாய் திறந்தது. சத்தம் வரவில்லை. மழை இரைச்சலில் கேட்கவில்லையாக்கும் என்று புனிதமலர் நினைத்தாள்.

அன்றைக்குத்தான் அவள் பால் கேட்டாள். தாய் மனசு. புனிதமலர் கையை நீட்டினாள்.

பிள்ளைக்குப் பாரமே இல்லை. நாக்கில் தயிர் படிந்ததுபோல வெள்ளை. வாய் குளிர்ந்து கிடந்தது... நனைந்த கல்லைப்போல. நெடுநேரம் உறிஞ்சியது. விழுங்குகிற சத்தம் மட்டும் இல்லை. மார்பின் கனமும் குறையவில்லை.

அந்த நேரம் யாரோ ஒருத்தி வந்து, ஈரக் குடையை அருந்ததியின் மடியிலேயே வைத்துவிட்டுப் போனாள்.

அருந்ததி அசையவில்லை.

மூன்றாம் நாள், மகனின் நாக்கில் வெள்ளை.

வாட்டுத் தாதி இரஞ்சிதம் மிஸி ஊதா மருந்தோடு வந்தாள். அவன் வாயில் பூசினாள். புனிதமலரின் மார்பிலும் பூசினாள். பக்கத்துக் கட்டிலைத் தாண்டிப் போனாள்.

"மிஸி, அந்தப் பிள்ளைக்கும் பூசுங்கோ. அதிலையிருந்துதான் இவனுக்கு வந்தது. நான் பால் குடுத்தனான்."

"எந்தப் பிள்ளைக்கு?"

"அருந்ததியின்ரை பிள்ளைக்கு."

மிஸியின் கையிலிருந்த பஞ்சு அந்தரத்தில் நின்றது.

"அவள் பிள்ளை பெத்த அண்டைக்கே செத்துப்போனவள். பிள்ளைதான் அந்தக் கட்டிலிலை கிடந்தது. பழசான பாண் துண்டிலை பிடிக்கிற மாதிரிப் பூஞ்சணம்... வாயிலை தொடங்கித் தொண்டைக்குள்ளை இறங்கிட்டுது. வெள்ளையைக் கண்டு பயந்து, பால் குடுக்க இந்த வாட்டிலை ஒருத்தியும் வரேல்லை. நீர் வாறத்துக்கு முதல் நாள்தான் அதுகும் முடிஞ்சது."

புனிதமலர் திரும்பிப் பார்த்தாள். வெள்ளை விரிப்பு. ஒரு சுருக்கம்கூட இல்லை.

"நான் சொல்லுமட்டும் மகனுக்குப் பால் குடுக்காதையும்," என்றாள் மிஸி. "வெள்ளத்தாலை பால்மாவும் வரேல்லை. எங்கையாவது எடுக்கேலுமோ எண்டு பாக்கிறன்."

பால்மா வரவில்லை.

மகன் அழுதான். மத்தியானம் முழுக்க அழுதான். தொண்டை கட்டிவிட்டது. பால் கட்டி அவளுடைய மார்பு விண்விண்ணென்று தெறித்தது. புனிதமலர் அவனை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினாள்.

நாலு மணி. மணி அடித்தது.

செருப்புச் சத்தங்கள்... குடை மடிக்கிற சத்தம்...

அழுகை நின்றது.

கண்ணைத் திறந்தாள்.

கட்டில் விளிம்பில் அருந்ததி. கையில் பிள்ளை இல்லை. சட்டையின் முன்பக்கம் நனைந்திருந்தது.

"அக்கா... எனக்கு இப்ப பால் வந்திட்டுது. மகனை ஒருக்காத் தாங்கோவன்."