காய்ச்சல் என்று சொல்லிவிட்டு நீர்வீழ்ச்சிக்குப் போனேன்

என்னோடு ஒரே ஆண்டவரை நம்பிக் காத்திருக்கும் சகோதர சகோதரிகளுக்கு, மலேசியாவில் மலாக்காவின் பாச்சாங்கிலிருந்து எஸ்தர் எழுதுகிறேன். இதை எழுத எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் எழுதியே தீர வேண்டும் என்று உட்கார்ந்துவிட்டேன்.

போன வருடம், பள்ளி விடுமுறை முடிந்த முதல் சனிக்கிழமை. காலை பதினோரு மணி இருக்கும். அசகான் நீர்வீழ்ச்சிக்குக் கீழே ஓடும் ஆற்றில், இரண்டு பாறைகளுக்கு நடுவே என் வலது கால் மாட்டிக்கொண்டது. இழுத்தால் வரவில்லை. தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. எனக்கு நீச்சல் தெரியாது. அதே நேரத்தில் பாச்சாங்கில் எங்கள் சபையில் உபவாச ஜெபம் நடந்துகொண்டிருந்தது. அதை முன்னின்று நடத்த வேண்டியவள் நான். காய்ச்சல் என்று பொய் சொல்லிவிட்டுக் குளிக்கப் போயிருந்தேன்.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். என் கணவர் இறந்து நான்கு வருடமாகிறது. மகள் ஜோகூரில் வேலை செய்கிறாள். வீட்டில் துணி தைக்கிறேன். மற்ற நேரமெல்லாம் சபைதான். மாதத்தின் முதல் சனிக்கிழமை நடக்கும் உபவாச ஜெபத்துக்கு யார் வந்தார்கள், யார் வரவில்லை என்று நோட்டுப் புத்தகத்தில் குறித்து வைப்பது நான். வராதவர்களை ஞாயிற்றுக்கிழமை வாசலிலேயே பிடித்துக் கேட்பதும் நான்தான். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். இன்னொரு சட்டமும் போட்டிருந்தேன். ஜெபத்துக்கு உள்ளே வரும்போது எல்லோரும் கைப்பேசியை மணி அடிக்காதபடி அடைத்து வாசலில் இருக்கும் பிரம்புக் கூடையில் போட்டுவிட வேண்டும். ஒன்பது மணிக்குப் போட்டால் ஒரு மணிக்குத்தான் எடுக்கலாம்.

செல்வம் அண்ணனுக்கு மட்டும் அந்தச் சட்டம் பிடிக்கவில்லை. அவர் லூபோக் சீனா பக்கம் ஒரு செம்பனை எண்ணெய் ஆலையில் இயந்திரம் பழுது பார்ப்பவர். ஆலையில் எப்போது கூப்பிடுவார்கள் என்று தெரியாது, ஃபோனை அடைக்க முடியாது என்பார். நான் விட மாட்டேன். அவர் ஒரு தடவை உபவாச ஜெபத்துக்கு வராமல் மீன் பிடிக்கப் போனது தெரிந்து, மறுநாள் எல்லோர் முன்னிலையிலும், "அண்ணன் ஆண்டவர விட்டுட்டு மீனத் தேடிப் போயிட்டாரு" என்று சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. அதற்குப் பிறகு என்னிடம் அளவோடுதான் பேசினார்.

என் தங்கை ரூபி சுங்கை ரம்பாயில் இருக்கிறாள். அவள் ரொம்ப நாளாகவே கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். "சிங்கப்பூர்லேர்ந்து பஸ் போட்டு வந்து பாக்குறாங்க. நீ மலாக்காவுலயே பொறந்து வளந்து இன்னும் பாக்கல. வாயேன்லா, அக்கா. ஒரு நாள்தானே" என்பாள். அவளுக்கு அந்த ஒரு சனிக்கிழமைதான் விடுமுறை கிடைத்தது. எனக்கும் ஆசையாக இருந்தது. கணவர் போன பிறகு நான் எங்கேயும் போனதில்லை. பாஸ்டரம்மாவிடம் உண்மையைச் சொல்லியிருந்தால் சந்தோஷமாக அனுப்பியிருப்பார். ஆனால் ஊரையெல்லாம் கேள்வி கேட்கிற எஸ்தர், ஜெபத்தை விட்டுவிட்டு அருவியில் குளிக்கப் போனாள் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. அதனால் காலை ஆறரைக்கு அவருக்கு ஒரு செய்தி தட்டினேன். இரவெல்லாம் காய்ச்சல், எழுந்திருக்க முடியவில்லை, எனக்காக ஜெபித்துக்கொள்ளுங்கள் என்று. விசுவாசத்தோடு ஜெபிக்கிறோம், ஓய்வெடுங்கள் என்று பாஸ்டரம்மா பதில் போட்டார். அதைப் படித்தபோது நான் மகளுடைய பழைய விளையாட்டுச் சப்பாத்துக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தேன். என் காலுக்கு ஓர் அளவு பெரிய காலணி. நடுவழியில் அவிழ்ந்துவிடாமல் இரட்டை முடிச்சுப் போட்டேன்.

ஜாசின் தாண்டி அசகான் போய்ச் சேர்ந்தபோது நல்ல வெயில். தண்ணீர் கண்ணாடி போல இருந்தது. மேலே அருவி விழும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. எங்களைத் தவிர ஒரு மலாய்க்காரரும் அவர் மனைவியும் மட்டும் அங்கே குளித்துக்கொண்டிருந்தார்கள். அருவிக்கு வருகிற எல்லோரையும் போல நாங்களும் கொண்டுபோன தர்பூசணியைக் குளிர வைக்கத் தண்ணீரில் போட்டோம். சுற்றிக் கற்களை அணை கட்டி நடுவில் வைத்தேன். பக்கத்துப் பாறையில் பழம் வெட்டும் கத்தியையும் வைத்தேன். காலை நீட்டி உட்கார்ந்தேன். உண்மையைச் சொன்னால், அந்தப் பத்து நிமிடம் நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்தேன்.

தர்பூசணி கல்லைத் தள்ளிக்கொண்டு உருள ஆரம்பித்தது. நான் எழுந்து அதன் பின்னாலேயே போனேன். இரண்டு பெரிய பாறைகளுக்கு நடுவே போய் நின்றது. முழங்கால் அளவு தண்ணீர்தான். கையை நீட்டி ஓர் அடி வைத்தேன். பாசியில் கால் வழுக்கியது. வலது கால் பாறைக்கு அடியில் இருந்த இடுக்குக்குள் நேராகப் போய் இறுகிக்கொண்டது. தர்பூசணி என் கண் முன்னாலேயே மிதந்து போனது.

முதலில் சிரித்தேன். ரூபியும் சிரித்தாள். இழுத்தேன், வரவில்லை. ரூபி இறங்கி வந்து இழுத்தாள். அந்த மலாய்க்காரர் வந்து என் இடுப்பைப் பிடித்துத் தூக்கினார். கணுக்காலில் உயிர் போகிற வலி. இழுக்க இழுக்க இன்னும் இறுகியது. குனிந்து முடிச்சை அவிழ்க்கப் பார்த்தேன். நனைந்த இரட்டை முடிச்சு கல் மாதிரி ஆகிவிட்டிருந்தது.

அப்போது தண்ணீரின் நிறம் மாறியது. கொஞ்ச நேரத்துக்கு முன்னால் என் கால் விரல் தெரிந்த தண்ணீர், தேத்தண்ணி நிறத்துக்கு வந்துவிட்டது. காய்ந்த இலையும் குச்சியும் மிதந்து வந்தன. மலாய்க்காரர் நிமிர்ந்து மேலே மலையைப் பார்த்தார். எங்களுக்கு வெயில் அடித்துக்கொண்டிருந்தது, லேடாங் மலை உச்சி மட்டும் கறுத்திருந்தது. "கெப்பாலா ஆயர்" என்று அவர் மெதுவாகச் சொன்னார். மலையில் மழை கொட்டினால் கீழே திடீரென்று பாய்ந்து வரும் வெள்ளத்தை இங்கே அப்படித்தான் சொல்வார்கள். இந்த நாட்டில் பிறந்தவர்களுக்கு அந்த வார்த்தை போதும். அவர் மனைவி கரையேறி தீயணைப்புக்காரர்களுக்கு அழைத்தார். வந்து சேர அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்றார்கள்.

தண்ணீர் தொடைக்கு வந்தது.

"அக்கா, ஜெபம் பண்ணுக்கா. நீதானே எல்லாருக்கும் பண்ணுவ" என்று ரூபி அழுதாள்.

எனக்கு வாய் வரவில்லை. மணிக்கணக்காக ஜெபிக்கிறவள் நான். யார் வீட்டுக்குப் போனாலும் முதலில் என்னைத்தான் ஜெபிக்கச் சொல்வார்கள். ஆனால் அன்றைக்கு 'ஆண்டவரே' என்று ஆரம்பித்தால் அடுத்த வார்த்தை வரவில்லை. காலையில் நான் தட்டிய அந்தச் செய்திதான் கண்ணுக்குள் நின்றது. எந்த முகத்தோடு கேட்பது? படுக்கையில் இருப்பதாகச் சொல்லிவிட்டு, ஆற்றிலிருந்து எப்படிக் கூப்பிடுவது?

"சபைக்கு ஃபோன் போடு. அவங்கள ஜெபிக்கச் சொல்லு" என்றேன். ரூபி பாஸ்டரம்மாவுக்கு அழைத்தாள். அடைத்திருந்தது. இன்னொரு சகோதரிக்கு அழைத்தாள். அதுவும் அடைத்திருந்தது. அப்புறம்தான் எனக்கு உறைத்தது. எல்லா ஃபோனும் என்னுடைய பிரம்புக் கூடைக்குள் கிடக்கின்றன. நான் போட்ட சட்டம். நான் இல்லாத நாளிலும் எவ்வளவு ஒழுங்காகக் கடைப்பிடிக்கிறார்கள் என்று நினைத்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. கால் ஒரு பக்கம், பொய் ஒரு பக்கம், என் சட்டம் ஒரு பக்கம். எந்தப் பக்கம் திரும்பினாலும் நானே வைத்த கல்தான்.

தண்ணீர் இடுப்புக்கு வந்தது. மலாய்க்காரர் என் இரண்டு தோளையும் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார். "சாபார், காக், சாபார்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். பொறுங்கள் அக்கா, பொறுங்கள் என்று. அவருக்கும் பயம்தான். போய்விடுங்கள் என்று நான் சொன்னேன். அவர் போகவில்லை.

அந்த இடத்தில்தான் ஜெபித்தேன். என் வாழ்க்கையிலேயே மிகச் சின்ன ஜெபம். "ஆண்டவரே, நான் பொய் சொல்லிட்டேன். நான் வீட்ல இல்ல. இங்கதான் இருக்கேன். என்னைக் காப்பாத்துங்க." அவ்வளவுதான். ஸ்தோத்திரம் கூடச் சொல்லவில்லை.

சொல்லி முடித்ததும் செல்வம் அண்ணன் ஞாபகம் வந்தது. "ரூபி, செல்வம் அண்ணனுக்குப் போடு. அவரு நான் சொன்ன பேச்ச கேக்க மாட்டாரு, ஃபோன வச்சிருப்பாரு" என்றேன். சட்டைப்பையில்தான் வைத்திருந்தார். இரண்டாவது மணியிலேயே எடுத்தார். ரூபி ஃபோனை என் முகத்துக்குப் பக்கத்தில் நீட்டினாள்.

"அண்ணே, எனக்குக் காய்ச்சல் இல்ல. பொய் சொல்லிட்டேன். அசகான் ஆத்துல கால் மாட்டிக்கிச்சு. தண்ணி ஏறுது. ஜெபம் பண்ணச் சொல்லுங்கண்ணே."

மீன் பிடிக்கப் போனதைச் சொல்லிக் காட்ட அவருக்கு அதைவிட நல்ல நேரம் கிடைத்திருக்காது.

"ஜெபிக்கச் சொல்றேன் சிஸ்டர். இப்ப நான் கேக்குறதுக்குப் பதில் சொல்லுங்க. மாட்டியிருக்கிறது காலா, சப்பாத்தா?"

எனக்குப் புரியவில்லை.

"உள்ளுக்குள்ள வெரல ஆட்டிப் பாருங்க. ஆடுதா?"

ஆட்டினேன். ஆடியது.

"அப்ப சப்பாத்துதான் மாட்டியிருக்கு. யாரும் மேல இழுக்காதீங்க, இழுத்தா இறுகத்தான் செய்யும். ஆலையில நான் பாத்திருக்கேன். கத்தி கித்தி இருக்கா?"

தர்பூசணி வெட்டக் கொண்டுவந்த கத்தி. பக்கத்துப் பாறையில் வைத்த இடத்திலேயே இருந்தது, தண்ணீர் இன்னும் அதைத் தொடவில்லை. ரூபி எடுத்து மலாய்க்காரரிடம் கொடுத்தாள். அண்ணன் மலாயில் அவருக்கு விவரம் சொன்னார். அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு மூழ்கினார். ஒரு தடவை, இரண்டு தடவை. மூன்றாவது தடவை கயிறு அறுந்து சப்பாத்து லேசாவது எனக்கே தெரிந்தது. ஆனாலும் கால் வரவில்லை.

"சிஸ்டர், நேரா நின்னா வராது. குதிகால் மேல வரணும். மண்டி போடுங்க."

"அண்ணே, தண்ணி இடுப்புக்கு இருக்கு. மண்டி போட்டா முகம் முங்கிடும்."

"முங்கட்டும். அவரு பிடிச்சிருக்காரு. சபையில எப்படிப் போடுவீங்களோ அப்படிப் போடுங்க."

எத்தனையோ வருடம் சபையில் முதல் வரிசையில், எல்லோரும் பார்க்கும்படி மண்டியிட்டவள் நான். அன்றைக்குக் கலங்கல் தண்ணீரில் முழங்காலை மடக்கினேன். தண்ணீர் நெஞ்சுக்கு வந்தது, வாய்க்கு வந்தது, கண்ணுக்கு மேலே போனது. ஒன்றும் தெரியவில்லை. காதுக்குள் இரைச்சல் மட்டும். குதிகாலை மேலே தூக்கினேன். தோல் உரிந்தது. அப்புறம் என் கால், வெறும் காலாக, வெளியே வந்தது.

அவரும் ரூபியும் என்னைக் கரைக்கு இழுத்துப் போட்டார்கள். நாங்கள் மேட்டில் ஏறி மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும்போதே வெள்ளம் வந்தது. நான் நின்ற இரண்டு பாறைகளும் கண்ணுக்குத் தெரியாமல் போயின. மலாய்க்காரரின் மனைவி தன் துண்டை எடுத்து என் தலையைத் துவட்டிவிட்டார்.

மறுநாள் ஞாயிறு. காலில் கட்டோடு, ரூபியின் தோளைப் பிடித்துக்கொண்டு சபைக்குப் போனேன். எல்லோருக்கும் தெரிந்திருக்கும், எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள் என்று நினைத்தேன். பாஸ்டரம்மா மேடையிலிருந்து, "எஸ்தர் சிஸ்டருக்குக் காய்ச்சல் ரொம்ப அதிகமாகி ஆபத்தான நிலைமையில இருந்தாங்க. நேத்து நாம எல்லாரும் அழுது ஜெபிச்சோம். கர்த்தர் சுகம் கொடுத்தாரு" என்றார். எல்லோரும் கை தட்டினார்கள்.

செல்வம் அண்ணனைத் திரும்பிப் பார்த்தேன். அவர் தன் முழங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். எஸ்தர் சிஸ்டருக்கு ஆபத்து, ஜெபியுங்கள் என்று மட்டும்தான் உள்ளே போய்ச் சொல்லியிருக்கிறார். என் பொய்யை அவர் யாரிடமும் சொல்லவில்லை. நான் அவரைப் பார்த்து எல்லோரையும் சிரிக்க வைத்தேன். அவர் என்னை மூடி வைத்தார். நான் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் அந்தக் காய்ச்சல் அப்படியே ஓர் அற்புதமாக இருந்திருக்கும்.

எழுந்து நின்றேன். ஒற்றைக் காலில் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். செய்தி தட்டியதிலிருந்து தர்பூசணி வரைக்கும். அண்ணனிடம் எல்லோர் முன்னிலையிலும் மன்னிப்புக் கேட்டேன். செல்வம் அண்ணன்தான் முதலில், "அடுத்த தடவ சொல்லிட்டுப் போங்க சிஸ்டர், நானும் தூண்டில எடுத்துட்டு வர்றேன்" என்றார். சபை சிரித்தது. நான் அழுதேன். நன்றி ஆண்டவரே, நன்றி ஆண்டவரே என்பதைத் தவிர எனக்கு வேறு ஒன்றும் வரவில்லை.

நோட்டுப் புத்தகம் இப்போது என்னிடம் இல்லை. வராதவர்களை நான் கேள்வி கேட்பதில்லை. சாப்பாடு எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்.

இதைப் படிக்கிறவர்களில் யாராவது எங்கேயாவது மாட்டிக்கொண்டு இருப்பீர்கள். போகக் கூடாத இடமாகக்கூட இருக்கலாம். கரையேறிய பிறகு, முகம் கழுவிய பிறகு ஜெபித்துக்கொள்ளலாம் என்று தள்ளிப் போடாதீர்கள். மாட்டிய இடத்திலிருந்தே, அந்த இடத்தின் பெயரைச் சொல்லியே கூப்பிடுங்கள். நான் வீட்டில் இருப்பதாகச் சொல்லிக்கொண்டிருந்த வரைக்கும் என் வாயிலிருந்து ஒரு ஜெபமும் எழும்பவில்லை. இங்கே இருக்கிறேன் என்று சொன்ன பிறகுதான் எனக்கு வழி திறந்தது.

பிரம்புக் கூடை இன்னும் சபை வாசலில்தான் இருக்கிறது. உபவாச ஜெபத்தன்று எல்லோரும் ஃபோனை அடைத்து அதில் போடுகிறார்கள். ஒரு ஃபோன் மட்டும் அடைக்காமல் என் மடியில் இருக்கும். எங்கே இருந்தாலும் கூப்பிடுங்கள், நான் எடுப்பேன்.