ஓம் என்றால் ஓம்தான்

நடிகர் தேர்வு என்பது நாள் முழுக்க ஆட்களுக்கு அன்பாக 'இல்லை' சொல்லுகிற வேலை. பள்ளிக்கூடத்தில் ஆசிரியர் 'இந்து சமயம்' என்ற பக்கத்தைத் திறந்ததும் முழு வகுப்பும் உங்களைத் திரும்பிப் பார்த்ததுண்டா? அப்படியானால் 'இல்லை, எல்லாரும் அப்படியில்லை' என்று சொல்லிச் சொல்லி நீங்களும் என் தொழிலைச் சம்பளமில்லாமல் பார்த்தவர்தான். கிட்ட வந்து இருங்கோ.

சுவிஸின் வின்டர்தூர் நகரில் ஒரு படப்பிடிப்பு நிறுவனத்தில் உதவியாளனாக இருக்கிறேன். சித்திரக்கதை ஒன்றைத் தொடராக எடுக்கிறார்கள். நாயகி தாரணி இதே ஊரில் வளர்ந்த யாழ்ப்பாணத் தமிழ்ப் பிள்ளை. நெற்றியில் திருநீறு. எங்கடின் பள்ளத்தாக்கின் மலை ரயிலுக்கு மேலால் பறப்பாள். தயாரிப்பாளர் பெட்ராவுக்கு ஒரே நிபந்தனை, நடிக்கிறவள் சைவப் பிள்ளையாக இருக்க வேண்டும். தமிழ்ப் பிள்ளை என்றாலே சைவம்தான் என்பது அவருடைய எண்ணம். முந்தைய படமொன்றில் துருக்கிக் குடும்பம் முழுவதற்கும் இத்தாலியர்களைப் போட்டு வாங்கிக் கட்டிக்கொண்டவர் அவர். அவருடைய பயத்தில் நியாயம் இருந்தது.

அரக்கனின் குரல்

தேர்வுக்கு வருகிறவர்களுக்கு எதிர் வசனம் வாசிப்பது என் பொறுப்பு. எதிர் வசனம் என்றால் அரக்கனுடையது. எனக்கோ குரல் அடுத்த கதிரை வரைக்கும்தான் போகும். "பூமியைப் பொசுக்குவேன்" என்று நான் சொன்னால், பல் வைத்தியரிடம் நேரம் கேட்கிற மாதிரி இருக்கும்.

ஏன் இவ்வளவு மெல்ல என்று இயக்குநர் ரேட்டோ கேட்டார். எங்கள் அப்பப்பா சொன்ன கதைகளில் கத்துகிறவர்கள் எல்லாம் வாசல் காவற்காரர், பெரிய அரக்கன் மெல்லத்தான் கதைப்பான் என்றேன். காதை என் பக்கம் கொண்டுவந்து இன்னொரு தரம் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: "இன்னும் மெல்ல வாசி, எனக்கு இப்பவே பயமாக இருக்கு."

பறக்கிற நாள்

ஜெனிற்றா தேர்வுக்கு வந்த முதல் நாளே, இனி ஆள் தேட வேண்டாம் என்பதுபோல் ரேட்டோ குறிப்புப் புத்தகத்தை மூடிவைத்துவிட்டார். பதினேழு வயது. வயோதிபர் இல்லமொன்றில் தொழில் பழகுகிறாள். அரக்கனைக் கண்டு அவள் பயப்படவில்லை, முறைக்கவும் இல்லை. மாத்திரை விழுங்க மாட்டேன் என்று அடம்பிடிக்கும் கிழவரைப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

வயது போதாததால் பெற்றோரின் சம்மதம் தேவை. அவளுடைய அம்மாவுக்குத் தொலைபேசி எடுத்து, கயிற்றில் கட்டித் தூக்கிப் பறக்க வைப்பார்கள், பாதுகாப்பு, காப்புறுதி எல்லாம் உண்டு என்று ஒரே மூச்சில் சொன்னேன். அம்மா சொன்னார்: "பறக்கட்டும் தம்பி, அது பிரச்சினையில்லை. ஆனால் புதன்கிழமை தமிழ்ப் பள்ளிக்கூடம் முடிஞ்சாப் பிறகுதான் பறக்கலாம்."

ஒரு வீட்டுக்குள் இத்தனை ஊர்

கடைசி இருவரில் மற்றவள் வர்ஷா. சூக் நகரிலிருந்து வந்தாள், அப்பா சென்னையிலிருந்து கணினி வேலைக்கு வந்தவர். அவளும் நன்றாகத்தான் நடித்தாள். திரைக்கதைப்படி தாரணியின் வீட்டில் பஞ்சாபி நடனம், சமையலறையில் நாண் ரொட்டி, பல்கனியில் திபெத்தியக் கொடி. "அண்ணா, இவளுக்கு எதுக்கு சூப்பர் பவர்? ஒரே வீட்ல இத்தனை ஊர் சண்டையில்லாம குடியிருக்கே, அதுவே பவர்தானே?" என்று சிரித்தாள்.

பிறகு, தாரணி 'நான் வரேன்' என்பதை எப்படிச் சொல்வாள் என்று கேட்டாள். 'வாறன்' என்றேன். மூன்று தரம் சொல்லிப் பார்த்தாள். மூன்று தரமும் 'வாரேன்' என்றுதான் வந்தது. தாளை மேசையில் வைத்தாள். "இது என் பாஷை இல்லண்ணா. நான் பேசினா உங்க அம்மா டிவிய ஆஃப் பண்ணிடுவாங்க."

கதவுக்குப் பின்னால்

கடைசித் தேர்வு நாள். ஜெனிற்றா உடை மாற்றும் அறைக்குள் இருந்தாள். ரேட்டோவும் பெட்ராவும் நானும் வெளியே. உள்ளேயிருந்து அவள் குரல் கேட்டது: "ஓம்... ஓம்... ஓம், ஓம்." இருவரும் நின்ற இடத்தில் நின்றுவிட்டார்கள். ரேட்டோ கைகூப்பினார். நடிக்க முன்னம் மந்திரம் சொல்லுகிற பிள்ளை, இவள்தான் தாரணி என்று பெட்ரா கண்கலங்கினார்.

அது தொலைபேசி என்று எனக்குத் தெரியும். யாழ்ப்பாணத்தார் வீட்டில் 'ஆமாம்' என்பதற்கு 'ஓம்' என்பார்கள் என்றும் தெரியும். அதைவிட, உடை மாற்றப் போகும்போது அவள் கழற்றித் தந்த சங்கிலி என் சட்டைப் பையில் கிடந்தது. அதில் சின்னதாய் ஒரு சிலுவை. சொன்னால் அவளுக்கு வேடம் போகும். சொல்லாவிட்டால் பெட்ரா இரண்டாம் தரமும் வாங்கிக் கட்டிக்கொள்வார். என் குரல் அன்றைக்கு அடுத்த கதிரைக்குக்கூடப் போகவில்லை.

கதவு திறந்தது. என்ன மந்திரம் என்று பெட்ரா பயபக்தியோடு கேட்டார். ஜெனிற்றா எங்கள் மூவரையும் மாறிமாறிப் பார்த்தாள். "மந்திரமோ? வரேக்க பால் வாங்கிக்கொண்டு வா எண்டு அம்மா சொன்னவ. நான் ஓம் எண்டனான். நாங்கள் வேதக்காரர், சேர்ச்சுக்குப் போற ஆக்கள்."

மேல்மாடிச் சனம்

பெட்ரா கோபப்படவில்லை. வர்ஷா இந்து, அவளைப் போட்டால் ஒருவரும் குறை சொல்ல மாட்டார்கள் என்று களைத்துப்போய்ச் சொன்னார். அப்போதுதான் நான் வாய் திறந்தேன். வர்ஷா தாரணியின் சாமியைக் கும்பிடுகிறாள், ஜெனிற்றா தாரணியின் தமிழைக் கதைக்கிறாள். திருநீறு எப்படிப் பூசுவது என்று நான் காட்டித் தருவேன். 'வாறன்' என்பதை ஆராலும் சொல்லித் தர ஏலாது. இவ்வளவையும் மெல்லத்தான் சொன்னேன். அரக்கனை ஒருவரும் இடைமறிக்கவில்லை.

அந்த வீட்டுக்குத் திருநீறு சம்மதமா என்று பெட்ரா கேட்டார். உடனே ஜெனிற்றாவின் அம்மாவுக்கு அழைத்து, ஒலிபெருக்கியில் போட்டேன். அவர் சொன்னதை நான் மொழிபெயர்க்க, பெட்ரா சொல் விடாமல் எழுதிக்கொண்டார்: "பூசட்டும் தம்பி. ஆனால் பகிடிக்குப் பூசின மாதிரி இருக்கக் கூடாது. எங்கட மேல்மாடிச் சனம் கோயிலாக்கள், அவையின்ர முகத்தில நான் முழிக்க வேணும்."

எந்த ஓம்?

மூன்றாம் நாள் முடிவு வந்தது. முதலில் வர்ஷாவுக்கு 'இல்லை' சொன்னேன். "பரவால்லண்ணா, அந்தத் திபெத் கொடிய மட்டும் எடுக்கச் சொல்லுங்க" என்று அவள்தான் எனக்கு ஆறுதல் சொன்னாள்.

பிறகு ஜெனிற்றா. வயோதிபர் இல்லச் சமையலறையில் நின்றாள் போல, ஒரே பாத்திரச் சத்தம். என் வழமையான குரலில் சொன்னேன். "அண்ணை, ஒண்டும் கேக்கேல்லை! கிடைச்சதோ, இல்லையோ?" என்று கத்தினாள். எழும்பி நின்று, முழு அலுவலகமும் திரும்பிப் பார்க்க நானும் கத்தினேன்: "ஓம்!" ரேட்டோ தன் அறைக்குள்ளிருந்து தலையை நீட்டினார். "இது எந்த ஓம், சாமி ஓமா, பால் ஓமா?"

நாள் முழுக்க 'இல்லை' சொல்லச் சேர்ந்தவனுக்கு ஒரேயொரு 'ஓம்' சொல்லக் கிடைத்தது. அது எந்த ஓம் என்று எனக்கே இன்னும் பிடிபடவில்லை.